ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வலிப்புக்கு மருந்து! தெரியுமா?

கைக்குழந்தைகளைத் தாக்கும் ஒரு கொடிய வலிப்பு நோயை உலகத்துக்கு முதன்முதலில் எழுதிச் சொன்னவர், தன் பிள்ளையைக் காப்பாற்ற வழி தெரியாமல் தவித்த ஓர் அப்பா! தெரியுமா?

1841-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் இருந்தார். அவருடைய மகன் நாலு மாதம் வரை கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தான். பிறகு தலை லேசாக முன்னால் குனியத் தொடங்கியது. போகப் போக, தலை முழங்காலை நோக்கிச் சாயும், உடனே நிமிரும், சில நொடிகளில் மறுபடியும் சாயும். ஒரு தடவை ஆரம்பித்தால் பத்து, இருபது முறைக்கு மேல். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வரும். அப்பாவே டாக்டர் ஆயிற்றே, சும்மா இருப்பாரா? அட்டை விட்டுப் பார்த்தார். பேதி மருந்து கொடுத்தார். பல் முளைப்பதால் இருக்குமோ என்று ஈறைக் கீறிப் பார்த்தார். அந்தக் காலத்து வைத்தியம் அவ்வளவுதான். எதுவும் கேட்கவில்லை. லண்டனுக்கே போய் இரண்டு பெரிய டாக்டர்களைப் பார்த்தார். சர் சார்லஸ் கிளார்க் என்பவர் தன் நீண்ட அனுபவத்தில் நாலே நாலு குழந்தைகளிடம்தான் இதைப் பார்த்திருந்தார், 'சலாம் வலிப்பு' என்று பெயரும் வைத்திருந்தார். இன்னொருவரான லாக்காக் பார்த்தது இரண்டே பேர். வெஸ்ட் ஊர் திரும்பி, கண்ணால் கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, வேறு யாருக்காவது வழி தெரியுமா என்று 'லான்செட்' மருத்துவ இதழுக்குக் கடிதம் அனுப்பினார். இன்றைக்கும் குழந்தை நரம்பியல் டாக்டர்கள் அந்தக் கடிதத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்பார்கள், அவ்வளவு துல்லியம்! அந்த நோய்க்கே 'வெஸ்ட் சிண்ட்ரோம்' என்றுதான் பெயர்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வர எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? 117 வருடம்! 1958-இல்தான் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி இந்த வலிப்பை நிறுத்துகிறது என்று தெரிந்தது. இப்போது ஸ்டீராய்டு, விகாபாட்ரின் மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் காலம் முக்கியம். சிகிச்சை வாரக்கணக்கில் தள்ளிப்போனால் குழந்தையின் வளர்ச்சி அடி வாங்கும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தூங்கி எழுந்த குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தலையை வெடுக்கென்று குனிகிறது, அழுகிறது, மறுபடி குனிகிறது. "உரம் விழுந்திருக்கு", "வயித்து வலி", "ஏதோ பார்த்துப் பயந்திருக்கு" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உரம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போவதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். அதற்குள் அம்மாவைப் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்தியிருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு இப்படி வரிசை வரிசையாக வெட்டி வெட்டி இழுத்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அன்றே!

வெஸ்ட் பார்த்த அந்த லாக்காக் இருக்கிறாரே, 1857-இல் உலகின் முதல் உருப்படியான வலிப்பு மருந்தைச் சொன்னவர் அவர்தான்! விக்டோரியா ராணிக்குப் பிரசவம் பார்த்தவர். பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பைக் கொடுத்துப் பார்த்தார், வலிப்பு அடங்கியது. பாலுணர்ச்சிக் கிளர்ச்சியால்தான் வலிப்பு வருகிறது, அதை இந்த உப்பு தணிக்கும் என்று நினைத்துத்தான் கொடுத்தார். காரணம் முழுக்கத் தவறு. மருந்து மட்டும் சரி!

இப்படித் தற்செயலாகக் கிடைத்த மருந்துகள் ஒன்றா இரண்டா! 1912-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் என்ற இளம் டாக்டர், வலிப்பு நோயாளிகள் ராத்திரியில் அமைதியாகத் தூங்கட்டும் என்று புதிதாக வந்திருந்த தூக்க மருந்தைக் கொடுத்தார். தூக்கம் வந்ததோ இல்லையோ, வலிப்பு குறைந்துவிட்டது. அதுதான் ஃபீனோபார்பிட்டோன். நூறு வருடம் தாண்டியும் உலகின் மிக மலிவான வலிப்பு மாத்திரை அதுவே. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி பார்க்கும் வால்ப்ரோயேட்? 1882-இல் உருவாக்கப்பட்டு, எண்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் மற்ற மருந்துகளைக் கரைக்கும் வெறும் திரவமாகக் கிடந்தது! 1962-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியர் எமார்ட் என்ற ஆய்வாளர் எந்த மருந்தை அதில் கரைத்துக் கொடுத்தாலும் வலிப்பு நிற்கிறதே என்று பார்த்தபோதுதான், வேலை செய்வது மருந்து இல்லை, கரைத்த திரவம் என்று புரிந்தது.

இவை எல்லாவற்றையும் விட என்னை வாய்பிளக்க வைத்த கதை ஈஸ்டர் தீவுடையது. பசிபிக் பெருங்கடல் நடுவில், மனித முகம் செதுக்கிய பிரம்மாண்டமான கற்சிலைகள் நிற்கும் தீவு. 1964-இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலில் அங்கே போனது. அதில் ஜார்ஜ் நோக்ராடி என்ற நுண்ணுயிரியலாளருக்கு ஒரு சந்தேகம்: இந்த மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், குதிரைகளும் நிறைய இருக்கின்றன, ஆனாலும் ஏன் ரணஜன்னி (டெட்டனஸ்) வருவதில்லை? தீவை 67 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மண் எடுத்தார். அந்த மண் மான்ட்ரியாலில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே வேலை பார்த்த சுரேன் செகல், அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் சொந்தப் பெயர் ராப்பா நூயி, அதனால் மருந்துக்கு ராப்பாமைசின் என்று பெயர்.

பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் செகல். 1980-களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டார்கள், ராப்பாமைசின் ஆராய்ச்சியையும் கைவிட்டார்கள். செகலுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பாக்டீரியாவை வளர்த்துப் புட்டியில் அடைத்து, 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டார்! வீடு மாறி அமெரிக்கா போனபோதும் உறைந்த நிலையிலேயே கொண்டுபோனார். சில வருடம் கழித்துப் புதிய நிர்வாகத்திடம் பேசி, ஆராய்ச்சியை மறுபடி தொடங்க வைத்தார். முதலில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு அது மருந்தானது.

சரி, குழந்தை வலிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? டியூபரஸ் ஸ்க்ளெரோசிஸ் என்று ஒரு மரபணு நோய். பிறந்த குழந்தையின் தோலில் இலை வடிவத்தில் வெளிறிய தேமல் போன்ற திட்டுகள் தெரியும். மூளையில் கிழங்கு போலச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். வலிப்பு வரும், முன்பு சொன்ன வெஸ்ட் சிண்ட்ரோமும் இவர்களுக்கு வரலாம். செல்களுக்குள் 'வளர், வளர்' என்று உத்தரவிடும் ஒரு புரதம் இருக்கிறது, அதன் பெயர் எம்டார். அதற்குப் பிரேக் போடும் மரபணு இந்தக் குழந்தைகளுக்குப் பழுதாகியிருக்கும். இறக்கத்தில் பிரேக் அறுந்த சைக்கிள் எப்படி ஓடுமோ அப்படித்தான் அந்தச் செல்கள். ஈஸ்டர் தீவு மருந்து பிடிப்பது மிகச் சரியாக அதே எம்டாரைத்தான்! அதன் தம்பி மருந்தான எவரோலிமஸ் இந்தக் குழந்தைகளின் மூளைக் கட்டிகளைச் சுருக்குகிறது என்று கண்டு, 2010-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2018-இல் இந்த நோயின் வலிப்புக்கும் அனுமதி கிடைத்தது. குழந்தையின் தோலில் அப்படி வெளிறிய திட்டுகள் மூன்று நாலு இருந்து வலிப்பும் வந்தால், டாக்டரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். ரணஜன்னியைத் தேடிப்போன ஒருவர் அள்ளிய மண்ணிலிருந்து வந்த மருந்து அந்தக் குழந்தைக்குத் தேவைப்படலாம்.

ஒரே ஒரு வைட்டமின் ஊசியில் வலிப்பு நிற்கும் குழந்தைகள் உண்டு, தெரியுமா? 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புட்டிப்பால் குடித்த குழந்தைகள் பலருக்குத் திடீர் திடீரென்று வலிப்பு வந்தது. எல்லோரும் குடித்தது ஒரே வகைப் பால். அதைப் பதப்படுத்தும்போது சூட்டில் பி6 வைட்டமின் அழிந்துபோயிருந்தது! வைட்டமினைச் சேர்த்ததும் குழந்தைகள் தேறினார்கள். அதே காலத்தில், 1954-இல், பிறந்ததிலிருந்து எந்த மருந்துக்கும் அடங்காமல் வலிப்பு வந்த ஒரு குழந்தை பி6 கொடுத்ததும் அடங்கியதாக டாக்டர்கள் எழுதினார்கள். அந்தக் குழந்தை குடித்த பாலில் குறை இல்லை, அதன் உடம்புக்கே மற்றவர்களைவிடப் பல மடங்கு பி6 தேவைப்பட்டது. காரணமான மரபணு 2006-இல் கிடைத்தது. இன்று பச்சிளம் குழந்தைக்கு அடங்காத வலிப்பு என்றால் பி6 கொடுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சில ரூபாய் மருந்து!

சாப்பாடே மருந்தாகும் அதிசயமும் இருக்கிறது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதை ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். குழந்தையைப் பட்டினி போட முடியுமா? 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி சொன்னார். கொழுப்பை அதிகமாகவும் மாவுச்சத்தை மிக மிகக் குறைவாகவும் கொடுத்தால், வயிறு நிறைந்திருக்கும்போதே உடம்பு பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொள்ளும். கீட்டோ உணவு முறை பிறந்தது அப்படித்தான், உடல் எடை குறைக்கிறவர்கள் கையில் அது போனதெல்லாம் பின்னால். 1938-இல் ஃபெனிட்டோயின் மாத்திரை வந்ததும் யாருக்கு இந்தச் சமையல் தொந்தரவு என்று மெல்ல மறந்துபோனார்கள். 1990-களில் ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆபிரகாம்ஸின் குட்டி மகன் சார்லிக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை, மூளை அறுவையும் நடந்து பலனில்லை. அப்பா நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் இந்த உணவு முறையைக் கண்டுபிடித்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் ஜான் ஃப்ரீமனும் உணவியலாளர் மில்லிசென்ட் கெல்லியும் அதை விடாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். சார்லியின் வலிப்பு நின்றது. அப்பா சும்மா இருக்கவில்லை, அறக்கட்டளை தொடங்கினார், மெரில் ஸ்ட்ரீப்பை வைத்துப் படமே எடுத்தார்.

கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம் உண்டா? உண்டு. 2008-இல் லண்டனில் 145 குழந்தைகளிடம் முறைப்படி சோதித்தார்கள். மூன்று மாதத்தில், இந்த உணவு சாப்பிட்டவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, சாப்பிடாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். மூளைக்குள் சர்க்கரை நுழையும் கதவே பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள், 1991-இல் கண்டறியப்பட்ட குறை அது. அவர்களுக்கு மூளையின் எரிபொருளே இந்தக் கொழுப்பிலிருந்து உடம்பு தயாரிக்கும் கீட்டோன்தான். நம் வீட்டில் இதைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. சோறு, இட்லி, தோசை, வாழைப்பழம் எதுவும் கிடையாது. நெய், தேங்காய் எண்ணெய், முட்டை, பனீர் என்று ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஆசையாக நீட்டும் ஒரு மிட்டாய் போதும், எல்லாம் கெட்டுப்போகும். அதைத் தினமும் செய்யும் தாய்மார்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. யூடியூப் பார்த்து நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் டாக்டரும் உணவியலாளரும் கூடவே இருக்க வேண்டும்.

இப்போது நம் வேலூருக்கு வாருங்கள். 1980-களில் சி.டி. ஸ்கேன் நம் நாட்டில் பரவியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. வலிப்பு வந்த பிள்ளைகள் பலரின் மூளையில் ஒரு சின்ன வட்டம், சுற்றிலும் வீக்கம். காசநோய் நிறைந்த நாடு, ஆகவே காசநோய்க் கட்டிதான் என்று முடிவு கட்டினார்கள். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி மறைந்தது, மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மாத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் நம்பவில்லை. கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் குட்டி! 1991-இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாத ஒற்றை வட்டம் என்றால் பெரும்பாலும் புழுதான், வீணாகக் காசநோய் மருந்து கொடுக்க வேண்டாம் என்று பிறகு அளவுகோலும் வகுத்தார்கள். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் தேவையில்லாத மாத்திரையிலிருந்து தப்பியிருப்பார்கள்! தமிழ்நாட்டு மண்ணில் நடந்த இந்தக் கண்டுபிடிப்பை நம் பள்ளிப் புத்தகத்திலேயே சேர்க்கலாம்.

இதில் இன்னொரு ஆச்சரியம். பன்றிக்கறியை வாழ்நாளில் தொடாத சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இது வரும்! சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, கழுவாத கீரை, கெட்டுப்போன தண்ணீர் வழியாக அந்த முட்டை யார் வாய்க்குப் போனாலும், குட்டி வெளிவந்து ரத்தத்தோடு மூளைக்கு ஏறிவிடும். அங்கே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வலிப்பு வருவது எப்போது? பெரும்பாலும் புழு சாகும்போது! உயிரோடு இருக்கும்வரை உடம்பின் பாதுகாப்புப் படையை ஏமாற்றிக்கொண்டிருக்கும். செத்துப்போகத் தொடங்கியதும் படை பாய்கிறது, வீக்கம் உண்டாகிறது, வலிப்பு வருகிறது. இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் தாய்நாடு திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குச் சில வருடம் கழித்து வலிப்பு வந்தது இதனால்தான். வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் கணக்கெடுத்தபோது, வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் காரணம் இந்தப் புழு. சோப்புப் போட்டுக் கை கழுவினால் வலிப்பையே தடுக்கலாம் என்றால் யாராவது நம்புவார்களா? நம்புங்கள், உண்மை!

தலைக்கு வெந்நீர் ஊற்றினால் வலிப்பு வரும், தெரியுமா? உலகிலேயே இந்த வெந்நீர் வலிப்பு அதிகம் இருப்பது நம் தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தின் மைசூர்ப் பக்கம். எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்கும் தண்ணீரைச் சொம்பு சொம்பாக உச்சந்தலையில் ஊற்றுகிற வழக்கம் நமக்கு உண்டே, அப்போதுதான் வருகிறது. பையன் திடீரென்று திகைத்துப் பார்ப்பான், பேச்சு குழறும், சிலர் இன்பமாக இருக்கிறது என்று நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அப்படியே மயங்கிச் சாய்வார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் சதீஷ்சந்திரா போன்றவர்கள் பல வருடம் இதை ஆராய்ந்தார்கள். தண்ணீர்ச் சூட்டைக் குறைத்தால் பலருக்கு அதுவே போதும். சிலருக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் முன்கூட்டியே ஒரு மாத்திரை.

டி.வி. பார்த்து ஒரே மாலையில் 685 குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியுமா? ஜப்பான், 1997 டிசம்பர் 16. போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறிப் பளிச்சிட்ட சில நொடிகள்! அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பவே இல்லை.

மனித மூளை அலைகளை முதலில் பதிவு செய்தவர் ஏன் அதைத் தேடினார் தெரியுமா? ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து சாவின் விளிம்புக்குப் போய் வந்தார். அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி, உனக்கு ஏதோ ஆபத்து என்று சகோதரிக்குப் படுகிறது, நலமா? மனசு விட்டு மனசுக்குச் செய்தி போகுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1924-இல் மூளை அறுவை செய்துகொண்ட 17 வயதுப் பையனிடம் முதல் பதிவு, பிறகு சொந்த மகன் கிளாவுஸ் தலையிலும் பலமுறை. தேடிய தொலையுணர்வு கிடைக்கவில்லை, இ.இ.ஜி. கிடைத்தது! 1935-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கிப்ஸ், லென்னாக்ஸ் குழு, வகுப்பில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கும் பிள்ளைகளின் மூளையில் நொடிக்கு மூன்று என்று கூரான அலைகள் எழுவதைக் காட்டியது. 'பகல் கனவு காண்கிறாயா?' என்று அந்தப் பிள்ளைகள் எத்தனை குட்டு வாங்கியிருப்பார்கள்! இதைக் கண்டுபிடிக்க டாக்டர் கையில் ஒரு காகிதக் காற்றாடி போதும். மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார், ஊதிக்கொண்டே இருக்கும் குழந்தை சட்டென்று நின்று வெறிக்கும். எந்த மாத்திரை நல்லது என்று 453 குழந்தைகளிடம் சோதித்து 2010-இல் விடை வந்தது. வென்றது எதோசக்ஸிமைடு என்ற பழைய மருந்து!

பாதி மூளையோடு ஓடி விளையாடும் குழந்தைகள்? இருக்கிறார்கள்! ஒரு பக்க மூளை முழுக்கப் பழுதாகி, நாளெல்லாம் வலிப்பு வந்துகொண்டே இருந்தால், அந்தப் பாதியை எடுத்துவிடுவார்கள், அல்லது மறுபாதியிலிருந்து துண்டித்துவிடுவார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? 1950-இல் தென்னாப்பிரிக்காவின் ரோலண்ட் கிரைனா 12 பேருக்குச் செய்ததை வெளியிட்டார். இரண்டே வருடத்தில், 1952-இல், நம் வேலூரில் ஜேக்கப் சாண்டி இதே அறுவையைச் செய்துவிட்டார்! சின்ன வயதிலேயே ஒரு பக்கம் விழுந்துபோன 19 வயது இளைஞருக்கு. இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை அதுதான். 2019-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள், மூன்று மாதம் முதல் பதினொரு வயதுக்குள் இந்த அறுவை நடந்த ஆறு பெரியவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். முழு மூளை உள்ளவர்களிடம் இருக்கும் அதே வலைப்பின்னல்கள், மிச்சமிருந்த பாதிக்குள் முழுசாக இருந்தன, இணைப்புகள் கூடுதல் வலுவோடு! சின்னக் குழந்தையின் மூளை தன்னைத் தானே திருப்பிக் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் அறுவை தேவைப்படும் குழந்தையைப் பெரியவனாகட்டும் என்று காத்திருக்க வைக்காதீர்கள் என்கிறார்கள்.

தடுப்பூசியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆறு மாதத்தில் தடுப்பூசி, அன்று காய்ச்சல், வலிப்பு, பிறகு நிற்காத வலிப்பு நோய். ஊசிதான் பிள்ளையைக் கெடுத்தது என்று பெற்றோர் நினைத்தார்கள், யார்தான் நினைக்க மாட்டார்கள்? 2006-இல் ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் குழு இப்படிப்பட்ட 14 பேரின் மரபணுவைச் சோதித்தது. 11 பேரிடம் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பிழை! பிரான்சின் ஷார்லட் திராவே 1978-இல் விவரித்த திராவே சிண்ட்ரோம் அது. கருவிலேயே இருந்த பிழை, முதல் காய்ச்சலில் தலைகாட்டியிருக்கிறது. பெயர் தெரிந்ததால் இன்னொரு நன்மை: வழக்கமான சில வலிப்பு மாத்திரைகள் இந்தக் குழந்தைகளுக்கு நோயைக் கூட்டும் என்று புரிந்தது. அதற்கு இப்போது கிடைக்கும் நல்ல மருந்துகளில் ஒன்று ஃபென்ஃப்ளூரமின். எடை குறைக்க விற்று, இதயத்தைக் கெடுக்கிறது என்று 1997-இல் சந்தையிலிருந்து விரட்டப்பட்ட மருந்து, குறைந்த அளவில், இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்கும் மருந்தாக 2020-இல் திரும்பி வந்தது!

கருவிலேயே தொடங்கும் குறையை அன்றே ஊகித்த ஒருவரையும் சொல்ல வேண்டும். ஃப்ராய்டு, கனவுகளுக்கு விளக்கம் சொன்ன அதே சிக்மண்ட் ஃப்ராய்டு, குழந்தைகளின் மூளை முடக்குவாதத்தைப் பற்றி 1897-இல் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். பிரசவச் சிக்கலால்தான் எல்லாம் என்று மருத்துவ உலகம் சொன்னபோது, குறை கருவிலேயே தொடங்கியிருக்கலாம், சிக்கலான பிரசவம் அதன் விளைவாகவும் இருக்கலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. 1986-இல் அமெரிக்காவின் கரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பர்க்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் தகவலை ஆராய்ந்து, பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிரசவ மூச்சுத்திணறல் காரணமில்லை என்று காட்டினார்கள்.

உண்மையிலேயே மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையின் உடம்பை 72 மணி நேரம் குளிர்வித்தால் மூளை தப்பும் என்பது பணக்கார நாடுகளில் நிரூபணமான சிகிச்சை. நமக்கும் பொருந்துமா? இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஹெலிக்ஸ் ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதமும், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தார்கள். அங்கே காப்பாற்றியது இங்கே காப்பாற்றவில்லை. நம் குழந்தைகளிடம் நாமே ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உலகத்தில் ஒரே ஒரு குழந்தைக்காக ஒரு மருந்து செய்தார்கள், தெரியுமா? அமெரிக்கச் சிறுமி மீலா. பேட்டன் என்ற மரபணு நோய், பார்வை போனது, நடை தடுமாறியது, நாளெல்லாம் வலிப்பு. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டிமோத்தி யூ அவளுடைய மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, பிழை எங்கே என்று கண்டுபிடித்து, அதை மறைக்க 22 மரபணு எழுத்து நீளமுள்ள ஒரு மருந்தை உருவாக்கினார். ஏறத்தாழ ஒரே வருடத்தில்! 2018 ஜனவரியில் முதல் ஊசி. மருந்துக்கே மீலாசென் என்று அவள் பெயர். வலிப்பு குறைந்தது, அது நீடிக்கும் நேரமும் சுருங்கியது. நோய் முற்றிய பிறகு தொடங்கிய சிகிச்சை, 2021-இல் பத்து வயதில் அவள் இறந்துபோனாள். அவள் காட்டிய வழியில் இன்று வேறு பல குழந்தைகளுக்குத் தனித்தனி மருந்துகள் உருவாகின்றன.

ஊதா நிறத்தில் உடுத்தி வலிப்பு விழிப்புணர்வு நாள் கொண்டாடும் வழக்கம் மார்ச் 26-இல் உண்டே, அதைத் தொடங்கியது கனடாவின் கேசிடி மேகன். 2008-இல் அவளுக்கு வயது 9! அவளுக்கே வலிப்பு இருந்தது. நம் நாட்டில்? வலிப்பு இருந்தால் இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமே செல்லாது என்று அறிவிக்க இடம் இருந்தது, 1999-இல்தான் அதை நீக்கினார்கள்.

உலகில் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே கொஞ்சம் கேளுங்கள். குழந்தைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்தியதில்லை. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், டாக்டர் கொடுத்திருந்தால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே, கூடவே 108. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கண், கை, கால் மூன்றும் தெரியும்படி. வெஸ்ட் பக்கம் பக்கமாக எழுதிச் சொன்னதை அந்த ஒரு நிமிட வீடியோ உங்கள் டாக்டருக்குச் சொல்லிவிடும். இரண்டு மாதம் வலிப்பு வரவில்லையே என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.